வேர்ட்கேம்பில் பேசுவதும் பேச்சாளர்களைச் சந்திப்பதும்: விண்ணப்பம் முதல் நிகழ்வுக்குப் பிந்தைய வாரம் வரை

இணையத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கூடும் மாநாடுதான் வேர்ட்கேம்ப். அங்கே பேச ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் ஸ்லைடிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாருக்காகப் பேசுகிறோம் என்ற யோசனை மேடையேறிய பிறகுதான் வருகிறது. யாரையெல்லாம் பார்த்துப் பேசியிருக்கலாம் என்பதோ வீடு திரும்பும் ரயிலில்தான் நினைவுக்கு வருகிறது. வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பேசுவதையும் சந்திப்பதையும் தனித்தனி வேலைகளாகப் பார்க்க வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொள்ளும் தலைப்புதான் உங்களைத் தேடி வருபவர்கள் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. அறிமுகமில்லாதவரிடம் வலியப் போய்ப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கீழே உள்ள படிகள் கொச்சி, கொல்கத்தா, அகமதாபாத், புனே போன்ற நகரங்களில் நடக்கும் வட்டார அளவிலான வேர்ட்கேம்ப்களை மனத்தில் வைத்து எழுதியவை. வேர்ட்கேம்ப் ஆசியா போன்ற பெரிய நிகழ்வுக்கும் (2023-இல் பாங்காக், 2024-இல் தைபே, 2025-இல் மணிலா, 2026-க்கு மும்பை) இதே வரிசைதான். அங்கே போட்டி மட்டும் கடுமையாக இருக்கும்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் உங்களுக்குக் கணக்கு வேண்டும். விண்ணப்பப் படிவம் அந்தப் பயனர்பெயரைக் கேட்கும். பேசி முடித்த பிறகு பேச்சாளர் என்ற அடையாளச் சின்னமும் அந்தச் சுயவிவரத்தில்தான் சேரும். கடைசி நாளில் திறந்த வெற்றுக் கணக்கு எதையும் சொல்லாது. உங்கள் வேலை, ஊர், தளம் ஆகியவற்றை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

பணம் கிடைக்காது. வேர்ட்கேம்பில் பேச்சாளருக்கும் ஏற்பாட்டாளருக்கும் ஊதியம் இல்லை, எல்லோரும் தன்னார்வலர்கள். பயணமும் தங்குமிடமும் பொதுவாக உங்கள் செலவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்து, தேர்வான பின் பின்வாங்குபவர்கள் உண்டு. அதனால் நிகழ்ச்சிநிரலில் ஓட்டை விழுகிறது. அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்க்கும்போது ஏற்பாட்டாளருக்கு அது நினைவில் இருக்கும்.

அடுத்தது உரிமம். நீங்களோ உங்கள் நிறுவனமோ தீம் (தளத்தின் தோற்றத்தைத் தருவது), செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்ப்பது) விற்றால், அவை முழுக்க ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்திலோ அதற்கு இசைவான உரிமத்திலோ இருக்க வேண்டும். உங்கள் தொழிலின் இணைய முகவரிப் பெயரில் ‘வேர்ட்பிரஸ்’ என்ற சொல் இருந்தால் வணிகக்குறி விதி குறுக்கே வரும். இரண்டையும் ஏற்பாட்டாளர்கள் பார்ப்பார்கள். விதி மீறியிருப்பது தேர்வுக்குப் பிறகு தெரியவந்தால் உங்கள் பெயரை நீக்குவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

1. உள்ளூர் மீட்டப்பில் ஒரு முறை பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஓர் ஊரின் வேர்ட்பிரஸ் ஆர்வலர்கள் அவ்வப்போது கூடும் சிறு கூட்டம்தான் மீட்டப். வேர்ட்கேம்ப்கள் இந்தக் குழுக்களிலிருந்து வளர்பவை. ஓர் ஊரில் மீட்டப் ஒழுங்காக நடந்தால்தான் அங்கே வேர்ட்கேம்ப் நடத்த வழி பிறக்கும். ஆகவே மீட்டப் நடத்துபவரும் வேர்ட்கேம்ப் ஏற்பாட்டாளரும் பல ஊர்களில் ஒரே ஆட்களாகவே இருப்பார்கள்.

இருபது பேர் இருக்கும் அறையில் பதினைந்து நிமிடம் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் முகங்கள் நிமிர்கின்றன, எந்த இடத்தில் கைகள் செல்பேசிக்குப் போகின்றன என்பது அங்கே தெரிந்துவிடும். வீட்டுச் சுவரைப் பார்த்து ஒத்திகை செய்தால் இது தெரியாது.

உங்கள் ஊரில் மீட்டப் இல்லையென்றால் பக்கத்து ஊர்க் குழுவின் இணையவழிக் கூட்டத்தில் கேளுங்கள். கல்லூரிக் கணினித் துறையிலும் கேட்கலாம். அந்தப் பேச்சைச் செல்பேசியிலாவது பதிவு செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘முன்பு பேசியிருக்கிறீர்களா’ என்ற கேள்வி வரும்போது வைப்பதற்கு ஓர் இணைப்பு இருக்கும்.

2. தலைப்புக்கு முன் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

‘இந்திய மொழிகளில் இணைய வடிவமைப்பு’ என்பது தலைப்பு. ‘ஆங்கில டெமோவில் அழகாக இருந்த தீம், தமிழ் உள்ளடக்கம் ஏறியதும் ஏன் உடைகிறது?’ என்பது கேள்வி. முதலாவதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எதை வேண்டுமானாலும் பேசலாம். அதனால் எதுவும் மனத்தில் தங்காது. இரண்டாவதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டையே வழிகாட்டி முழுதும் பயன்படுத்துகிறேன். தமிழ்த் தளம் கட்டிய எவருக்கும் கீழே வரும் இரண்டு சிக்கல்களும் பழக்கமானவை.

முதல் சிக்கல், பதிவுச் சுருக்கம். வேர்ட்பிரஸ் இயல்பாக முதல் 55 சொற்களை எடுத்துச் சுருக்கமாகக் காட்டும். ஆங்கிலத்தில் 55 சொல் என்றால் நான்கைந்து வரி. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே 55 சொல் வெகுதூரம் நீளும். பக்கத்தில் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டிய பதிவு அட்டைகள் ஏறி இறங்கிப் போகின்றன.

இரண்டாவது, பதிவின் முகவரி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் (புள்ளி, கால், கொக்கி போன்றவையும் தனிக் குறிகளே) முகவரியில் ‘%’ கலந்த சதவீதக் குறியீடாக மாறும்போது 9 இடங்களை எடுத்துக்கொள்கிறது. தரவுதளத்தில் அந்த நெடுவரிசைக்கு இருக்கும் இடமோ 200. ஆக, 22 குறிகளுக்குமேல் நிற்காது. ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லே 9 குறிகள். இரண்டு மூன்று சொற்களில் முகவரி வெட்டுப்பட்டுவிடுகிறது.

இரண்டையும் ஒரே பேச்சில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். சுருக்கச் சிக்கலை எடுத்தால் வடிவமைப்பாளர்கள் வந்து உட்காருவார்கள், தீம் செய்பவர்கள் பிறகு உங்களைத் தேடி வருவார்கள். முகவரிச் சிக்கலை எடுத்தால் நிரலாளர்களும், மலையாளம், வங்காளம், இந்தித் தளம் நடத்துபவர்களும் வருவார்கள். அந்த எழுத்துகளுக்கும் அதே 9 இடக் கணக்குதான். யாரைச் சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்லும் வரிசைமாற்றம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்தக் கேள்விக்கான விடையை நீங்களே ஒரு தளத்தில் செய்து முடித்திருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் பேசுபவர் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வார்.

3. விண்ணப்பத்தைக் கேட்பவரின் பக்கமிருந்து எழுதுங்கள்

பேச்சாளர்களுக்கான அழைப்பு நிகழ்வுக்குச் சில மாதங்கள் முன்பே அந்தந்த வேர்ட்கேம்ப் தளத்தில் வரும். தேர்வுக் குழுவினர் வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து பல விண்ணப்பங்களைப் படிக்கும் தன்னார்வலர்கள். இதை மறக்காமல் எழுதுங்கள்.

பேச்சின் சுருக்கத்துக்கு மூன்று சிறு பத்திகள் போதும். முதல் பத்தியில் சிக்கல், யாருக்கு அது வருகிறது என்பதோடு. இரண்டாவதில் நீங்கள் காட்டப்போவது. மூன்றாவதில் அறையைவிட்டுப் போகும்போது கேட்பவர் என்ன செய்யத் தெரிந்துகொண்டிருப்பார் என்பது. மூன்றையும் சேர்த்துச் சுருக்கிய உதாரணம்:

‘ஆங்கிலத்துக்காக வடிவமைத்த அட்டைப் பக்கம் இந்திய மொழி உள்ளடக்கத்தில் குலைகிறது. இயங்கும் ஒரு தளத்தில் அதை உடைத்துக் காட்டி, மூன்று வழிகளில் சரிசெய்யப் போகிறேன்: சுருக்கப் பிளாக்கில் சொல் எண்ணிக்கையைக் குறைப்பது, நிரலில் வடிகட்டி மூலம் மொழிக்கேற்ப மாற்றுவது, சிஎஸ்எஸ் மூலம் வரிகளை வரம்பிடுவது. எந்த வழி எந்தத் தளத்துக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்க இந்த அமர்வு உதவும். நிரல் தெரியாதவர்களும் முதல் வழியைப் பின்பற்றலாம்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். குழுவுக்கு எல்லா நிலையிலும் பேச்சு வேண்டும். உங்கள் பேச்சு எந்த நிலையினருக்கு என்று நீங்களே சொல்லிவிட்டால் அட்டவணையில் இடம் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிது.

அடிக்கடி பார்க்கும் பிழைகள்: தன் நிறுவனத்தின் தயாரிப்பையே தலைப்பாக்குவது, ‘எஸ்இஓ ஏ முதல் இசட் வரை’ என்று அரை மணி நேரத்தில் கடலைக் குடிக்கப் பார்ப்பது, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக்கொடுத்த சுருக்கத்தை அப்படியே ஒட்டுவது. மூன்றாவது வகை அடுத்தடுத்துப் படிக்கும்போது எளிதில் பிடிபட்டுவிடுகிறது. எல்லாம் ஒரே குரலில் பேசும்.

பேசப்போகும் மொழியையும் குறிப்பிடுங்கள். இந்திய நிகழ்வுகளில் ஆங்கிலம்தான் அதிகம். நகரத்தைப் பொறுத்து உள்ளூர் மொழி அமர்வுகளும் இருக்கும். பத்து நிமிட மின்னல் பேச்சுக்கு இடமிருந்தால் அதற்கும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புதியவருக்கு அரை மணி நேரம் தரத் தயங்கும் குழு, பத்து நிமிடத்தைத் தயங்காமல் தரும்.

தேர்வாகவில்லையென்றால் காரணம் கேட்டு ஒரு சிறு மடல் அனுப்பலாம். பெரும்பாலும் ‘இதே பொருளில் இன்னொருவர் வந்துவிட்டார்’ என்பதுதான் பதிலாக இருக்கும். தன்னார்வலராகச் சேர்ந்துகொள்ளுங்கள். பேச்சாளர் அறைக்கும் மேடைக்கும் நடுவே நடக்கும் தன்னார்வலர், பார்வையாளரைவிட அதிகப் பேச்சாளர்களிடம் பேசிவிடுவார்.

4. தேர்வுக் கடிதம் வந்ததும் அன்றே செய்ய வேண்டியவை

பதில் அனுப்புங்கள். பயண டிக்கெட் எடுங்கள். முந்தைய நாள் நண்பகலுக்குள் ஊரில் இறங்கும்படி எடுங்கள். காரணம் 9-ஆம் படியில் வருகிறது.

அறிமுகக் குறிப்பைப் படர்க்கையில், ஐம்பது சொற்களுக்குள் எழுதி அனுப்புங்கள். உங்களைப் பற்றித் தொகுப்பாளர் மேடையில் வாசிக்கப்போவது இதைத்தான். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். ழகரப் பெயர் உள்ளவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். பேச்சு பதிவாகி வேர்ட்பிரஸ்.டிவி தளத்தில் ஏறும். அதற்கான ஒப்புதலும் இப்போதே கேட்கப்படும். வாடிக்கையாளர் தளத்தைத் திரையில் காட்டுவதாக இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

5. பேச்சைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எழுதுங்கள்

கேட்பவர் மறுநாள் தன் தளத்தில் செய்யப்போகும் ஒரு வேலை என்ன? அதை முதலில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அந்த வேலைக்குத் தேவையான டெமோ. அதற்குப் பிறகு டெமோ புரியத் தேவையான முன்விளக்கம். ஸ்லைடு எல்லாவற்றுக்கும் கடைசி.

முன்விளக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் அதிலேயே பத்து நிமிடம் கரைத்துவிடுவார்கள். ‘வேர்ட்பிரஸ் என்றால் என்ன’ என்று வேர்ட்கேம்பில் விளக்குபவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

முப்பது நிமிட இடம் கிடைத்தால் இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பேச்சு எழுதுங்கள். அறிமுகம், மைக் மாட்டுவது, கேள்விகள் ஆகியவை மீதியைத் தின்றுவிடும். நேரம் நெருக்கினால் எந்தப் பகுதியை விடுவது என்பதை இப்போதே குறித்துவையுங்கள். மேடையில் நின்றுகொண்டு எதை வெட்டுவது என்று முடிவெடுத்தால், நல்ல பகுதிதான் பெரும்பாலும் போகும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கு ஒன்று: முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் குறிப்புச் சொற்கள் போதும். முழுதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் சங்கிலி அறுந்துபோகும்.

6. ஸ்லைடு: கடைசி வரிசைக்காரருக்காக

அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கட்டும். எழுத்து 30 புள்ளிக்குக் கீழே வேண்டாம், நிரல் வரிகள் 24-க்குக் கீழே வேண்டாம். ஸ்லைடின் அடியில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். தட்டையான அரங்கில் முன்வரிசைத் தலைகள் அந்தப் பகுதியை மறைக்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறமாறுபாடு 4.5:1-க்குக் குறையக் கூடாது. இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் ஏஏ நிலை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது அதுதான். பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்று அது சொல்கிறது. ஆனால் விளக்கு எரியும் அரங்கில் புரொஜெக்டர் நிறத்தை வெளுக்கடிக்கும். அணுகல்தன்மை பற்றிய பேச்சையே சாம்பல் எழுத்தில் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்துகளைக் காட்டப்போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மேலே சுழியும் கீழே உகரக் கொக்கியும் வருவதால் வரி இடைவெளியை 1.5 அளவுக்கு வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள். அரங்கின் கணினியில் அது இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். பிடிஎஃப் நகலைப் பெண்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள்.

சிறு விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வேர்ட்பிரஸ் என்று எழுதும்போது நடுவில் வரும் ‘பி’ பெரிய எழுத்து. 2010-இல் வந்த 3.0 பதிப்பு முதல், தவறாக எழுதினால் தானே திருத்தும் நிரல் வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லைடில் அந்த உதவி கிடைக்காது. அரங்கில் யாராவது ஒருவர் கவனித்தே தீருவார்.

7. டெமோவை இணையம் இல்லாமல் ஓட வையுங்கள்

அரங்கின் வைஃபையை நம்பி டெமோ செய்ய வேண்டாம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையும் இணைப்பு அது. தளத்தை உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவுங்கள். எழுத்துருவும் படமும் வெளித் தளத்திலிருந்து வருகின்றனவா என்று பார்க்க, வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். கூகுள் எழுத்துரு இணைப்பு இங்கேதான் பிடிபடும்.

டெமோ முழுவதையும் திரைப்பதிவு செய்து ஸ்லைடுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வினாடிக்குமேல் சிக்கினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காமல் பதிவுக்கு மாறுங்கள்.

தட்டச்சைக் குறையுங்கள். சுருக்கச் சிக்கலைக் காட்டத் தேவையான தமிழ்ப் பதிவுகளை முன்பே ஏற்றி வையுங்கள். மேடையில் தமிழ் விசைப்பலகைக்கு மாறித் தட்டச்சு செய்யப் போனால் அரங்கு காத்திருக்கும், விரல்கள் நடுங்கும். நிரலையும் ஒரு கோப்பில் கருத்துரையாக மறைத்துவைத்து, மறைப்பை நீக்கிக் காட்டினால் போதும்.

8. நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரத்துடன் ஒத்திகை

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகையில் சேராது. நின்று பேசினால் மூச்சு எங்கே வாங்குகிறது என்று தெரியும். ஒரு ஒத்திகையையாவது வேர்ட்பிரஸ் தெரியாத ஒருவர் முன் செய்யுங்கள். அவர் புருவம் சுருங்கும் இடத்தில் ஏதோ ஒரு சொல் விளக்கமில்லாமல் வந்திருக்கிறது.

9. சந்திக்க வேண்டியவர்களை ஊருக்குப் போகும் முன் முடிவு செய்யுங்கள்

பேச்சாளர் பட்டியல் வெளியானதும் அதிலிருந்து நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அதற்குமேல் வேண்டாம். பிரபலமானவர்களை மட்டும் எடுக்காதீர்கள். அவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். உங்கள் கேள்விக்கு அருகில் வேலை செய்பவர்கள்தான் தேவை. நம் எடுத்துக்காட்டில், மலையாளச் செய்தித்தளம் கட்டியவர், பிளாக் தீம் செய்பவர், மொழிபெயர்ப்புக் குழுவில் இருப்பவர்.

ஒவ்வொருவரின் பழைய பேச்சு ஒன்றை வேர்ட்பிரஸ்.டிவியில் பாருங்கள். தேடுபொறி விடை தர முடியாத ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். ‘உங்கள் பேச்சு அருமை’ என்பதற்கு ‘நன்றி’ என்பதே பதில். உரையாடல் அதோடு முடிந்துவிடும். ‘சொல் எண்ணிக்கையைக் குறைத்தபோது கூட்டுச்சொற்கள் அதிகமுள்ள பதிவுகளில் உங்களுக்கும் அட்டை உயரம் மாறியதா?’ என்று கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பு அவர்களுக்கு இரண்டு வரி எழுதலாம்: நானும் அங்கே பேசுகிறேன், இந்தப் பொருளில், மதிய உணவின்போது பார்க்க முடிந்தால் மகிழ்ச்சி. இதற்கு மேல் எழுதினால் பதில் எழுதுவதே அவருக்கு ஒரு வேலையாகிவிடும்.

முந்தைய நாள் மாலை பேச்சாளர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் இரவு உணவு ஏற்பாடு இருப்பது வழக்கம். பலர் மறுநாள் பேச்சுக்குத் தயாராக வேண்டும் என்று அறையிலேயே அடைந்துகிடப்பார்கள். போய்விடுங்கள். மறுநாள் அரங்கில் எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டிய நீங்கள், இங்கே ஒரே மேசையில் அவர்களோடு சாப்பிடுவீர்கள். மதியத்துக்குள் ஊரில் இருக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பங்களிப்பாளர் நாள் (வேர்ட்பிரஸுக்காகத் தன்னார்வலர்கள் கூடி வேலை செய்யும் நாள்) முந்தைய நாளிலோ மறுநாளிலோ இருந்தால் அதிலும் பதிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பு மேசையில் தமிழுக்கு எப்போதும் வேலை இருக்கும்; வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனிப் பிரிவுகள். மடிக்கணினி, மின்னேற்றி, கணக்கின் கடவுச்சொல் மூன்றும் கையில் வேண்டும். கூச்சமுள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மேசையைத்தான். கையில் வேலை இருப்பதால் என்ன பேசுவது என்ற தவிப்பு வராது. எதிரே உட்கார்ந்து மென்பொருளின் சரங்களை (திரையில் வரும் சிறு தொடர்களை) மொழிபெயர்ப்பவர் மறுநாள் முதன்மை அரங்கில் பேசப்போகிறவராகக்கூட இருக்கலாம்.

10. மேடைநாள் காலை

முதல் அமர்வு தொடங்கும் முன் உங்கள் அரங்குக்குப் போய் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ மாற்றுக்கம்பி உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்லைடு மாற்றும் ரிமோட்டுக்குப் புது பேட்டரி. அறிவிப்புகளை அணையுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவின் காலை வணக்கம் திரையில் விரிந்தால் அரங்கு சிரிக்கும், நீங்கள் இடத்தைத் தவறவிடுவீர்கள்.

உங்களுக்கு முந்தைய அமர்வில் அதே அரங்கில் உட்காருங்கள். ஒலி எப்படி, எந்தப் பக்கம் கேட்கவில்லை, நேரம் காட்டும் தன்னார்வலர் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் தெரியும். மேலும், முன்பு பேசியவரின் ஒரு வரியைத் தொட்டு உங்கள் பேச்சைத் தொடங்க முடியும். அவரும் பிறகு உங்களிடம் வந்து பேசுவார்.

11. கேள்வி நேரம்

மைக் இல்லாமல் வரும் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டு விடை சொல்லுங்கள். பின்வரிசைக்கும் காணொளிப் பதிவுக்கும் அது கேட்டிருக்காது. திருப்பிச் சொல்லும் நேரத்தில் நீங்களும் யோசித்துக்கொள்ளலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ‘இங்கே யாராவது செய்திருக்கிறீர்களா?’ என்று அரங்கிடம் கேளுங்கள். கை தூக்குபவர் நீங்கள் சந்திக்க வேண்டியவர். முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றுபவர் ஒருவராவது இருப்பார். மூச்சு வாங்கும் இடத்தில் ‘வெளியே விரிவாகப் பேசலாம்’ என்று சொல்லி அடுத்தவரை அழையுங்கள். வெளியே அவரிடம் உண்மையாகவே பேசுங்கள்.

12. அரங்குக்கு வெளியே

பேச்சு முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். அடுத்த பேச்சாளர் மடிக்கணினியை மாட்டும் இடத்தைக் காலி செய்துவிட்டு, வாசலுக்கு வெளியே கால்மணி நேரம் நில்லுங்கள். இரண்டாம் படியில் தேர்ந்தெடுத்த கேள்வி ஆட்களைக் கூட்டிவருவது இந்த நேரத்தில்தான்.

பிறரைச் சந்திப்பதில் நேரம் முக்கியம். மேடையேறப்போகும் ஒருவரிடம் கடைசி அரை மணி நேரத்தில் பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவர் காதில் எதுவும் ஏறாது. பேசி முடித்த உடனே சூழும் கூட்டத்திலும் முண்டியடிக்க வேண்டாம். அவருடைய பேச்சுக்குப் பிறகு வரும் தேநீர் இடைவேளைதான் நல்ல நேரம். அப்போது அவருக்குப் பதற்றம் குறைந்திருக்கும், பேசும் ஆசையும் இருக்கும்.

கூடி நின்று பேசும்போது ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வட்டத்தில் இடைவெளி விடுங்கள். மென்பொருள் ஆவணம் எழுதுபவர்களுக்கான ‘ரைட் த டாக்ஸ்’ மாநாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் பரப்பிய வழக்கம் இது. பேக்-மேன் விதி என்று பெயர். வாய் திறந்த அந்த வீடியோ கேம் உருவம்போல வட்டம் திறந்திருந்தால் தயங்கி நிற்பவர் உள்ளே வருவார். வந்ததும் மறுபடி ஓர் இடைவெளி விட வேண்டும். தமிழ்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் தமிழிலேயே பேச்சு ஓடும். வெளியூர்க்காரர் ஒருவர் வட்டத்துக்குள் வந்ததும் மொழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

‘சார்’, ‘மேடம்’ என்று அழைப்பது நம் பழக்கம். வேர்ட்கேம்பில் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். பெயர் சொல்ல நா எழவில்லையென்றால் அழைக்காமலேயே கேள்வியைத் தொடங்குங்கள்.

தொலைபேசி எண்ணைக் கேட்காதீர்கள், குறிப்பாகப் பெண் பேச்சாளர்களிடம். வேர்ட்பிரஸ் சமூகத்தின் ஸ்லாக் உரையாடல் தளத்திலோ லிங்க்ட்இனிலோ தொடரலாமா என்று கேட்டால் போதும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். சில நிகழ்வுகளில் படம் வேண்டாம் என்பவர்களுக்குக் கழுத்துப்பட்டை வேறு நிறத்தில் இருக்கும். பதிவு மேசையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியத்தில் ‘ஹேப்பினஸ் பார்’ என்னும் உதவி மேசையில் ஒரு மணி நேரம் உட்காரலாம். தளத்தில் சிக்கலோடு வருபவர்களுக்கு அங்கே உதவ வேண்டும். பக்கத்து நாற்காலியில் இன்னொரு பேச்சாளர் இருப்பார். இருவரும் சேர்ந்து ஒருவருடைய உடைந்த தளத்தைச் சரிசெய்வதில் வரும் பழக்கம் விசிட்டிங் கார்டு கொடுத்து வாங்குவதில் வருவதில்லை.

ஒவ்வொரு உரையாடலும் முடிந்த உடனே செல்பேசியில் ஒரு வரி குறியுங்கள்: பெயர், எதைப் பற்றிப் பேசினோம், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். மாலைக்குள் முகங்கள் எல்லாம் கலந்துவிடும்.

13. திரும்பிய பின் முதல் வாரம்

ஸ்லைடையும் டெமோ நிரலையும் மூன்று நாளுக்குள் பொதுவில் ஏற்றுங்கள். ‘பிறகு அனுப்புகிறேன்’ என்று மேடையில் சொன்னதைக் கேட்டவர்கள் அதுவரைதான் நினைவில் வைத்திருப்பார்கள்.

குறித்த வரிகளைப் பார்த்து, வாக்களித்ததை மட்டும் அனுப்புங்கள்: ‘தேநீர் இடைவேளையில் கேட்ட அந்த வடிகட்டி நிரல் இதோ. மலையாளத்தில் எத்தனை சொல்லுக்கு அட்டை சரியாக நிற்கிறது என்று சோதித்தால் சொல்லுங்கள்.’ வேலை வாய்ப்பு, கூட்டு முயற்சி, தங்கள் மேலான ஆதரவு எதையும் இந்தக் கடிதத்தில் நுழைக்க வேண்டாம்.

மேடையில் விடை தெரியாமல் விட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்து, கேட்டவருக்கு எழுதுங்கள். ஏற்பாட்டாளருக்கு நன்றியோடு ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கு ஒலி எட்டவில்லை என்பதுபோல் சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும்.

காணொளி ஏறச் சில வாரங்கள் ஆகலாம். ஏறியதும் ஒரு முறை முழுதும் பாருங்கள், கசப்பாக இருந்தாலும். எந்த நிமிடத்தில் வேகம் கூடியது, எந்த ஸ்லைடில் தேவைக்குமேல் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பை வேர்ட்பிரஸ்.ஆர்க் சுயவிவரத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஊரின் விண்ணப்பப் படிவம் முந்தைய பேச்சுக்கு இணைப்புக் கேட்கும்போது மீட்டப் பதிவுக்குப் பதிலாக இதை வைக்கலாம்.